ஊரிலிருந்து பள்ளத்தாக்குக்கு: கோடையில் ஒரு முழுநாள் நடை

கோடையில் வீட்டு வாசலிலிருந்தே கிளம்பி, பக்கத்துப் பள்ளத்தாக்குகளைச் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பப் போகிறோம் என்று சொன்னால், எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர்?" என்பதுதான். 20 என்றோ 25 என்றோ பதில் வந்ததும், முடியுமா முடியாதா என்ற தீர்ப்பும் வந்துவிடும். நான் பார்த்தவரை தூரத்தால் படுத்தவர்கள் குறைவு. ஏற்றமும் உச்சி வெயிலும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து படுக்கவைத்தவர்கள்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வேலையைத்தான் செய்யப்போகிறது: ஏற்றத்தையும் வெயிலையும் பிரித்து வைப்பது.

ஊர் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

ஊர் பள்ளத்தாக்கின் வாயில் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். காலைக் குளிரில் ஏறுவீர்கள், களைத்த கால்களோடு இறங்கி வீட்டுக்கு வருவீர்கள். பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

ஊர் முகட்டிலோ மேட்டு நிலத்திலோ இருந்தால் கணக்கு தலைகீழ். காலையில் துள்ளிக்கொண்டு இறங்கிவிடலாம். அது கடன் வாங்குவது மாதிரி. மாலையில் அத்தனையையும் வட்டியோடு ஏறிக் கட்ட வேண்டும். முதல்முறை நான் இப்படித்தான் மாட்டினேன். ஒன்பது மணிக்கெல்லாம் ஓடைக்கரையில் உட்கார்ந்து, "இவ்வளவுதானா?" என்று நினைத்தேன். பகல் இரண்டு மணிக்கு, நிழலே இல்லாத ஒரு சரிவில், அரை பாட்டில் வெந்நீரோடு 500 மீட்டர் உயரம் ஏறிக்கொண்டிருந்தேன். பத்து அடிக்கு ஒரு முறை நின்றேன். ஊரின் முதல் தண்ணீர்க் குழாயைப் பார்த்ததும் தலையை அதன் கீழே நீட்டியதுதான் நினைவிருக்கிறது.

இன்னொன்று, கீழே இறங்க இறங்கச் சூடு கூடும். 1000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி என்பது பொதுவான அளவு. முகட்டு ஊரில் வீசும் காற்றை நம்பி 500 மீட்டர் கீழே இறங்கினால், மூன்று டிகிரி கூடுதலான, காற்றும் அடைபட்ட ஒரு கிண்ணத்துக்குள் போய் நிற்பீர்கள்.

முகட்டு ஊர்க்காரர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. வெயில் தாழும்வரை கீழேயே இருந்துவிட்டு மாலையில் ஏறலாம். மாலையில் நிழல் விழும் சரிவாகப் பார்த்து ஏறும் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது கீழே சாலை தொடும் இடத்தில் நடையை முடித்துக்கொண்டு பஸ் பிடிக்கலாம். பஸ் என்றால், கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தைய வண்டியைக் குறிவைத்து வாருங்கள். என் ஓட்டு இரண்டாவது வழிக்கு. ஆனால் அதற்கு வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும்.

வரைபடத்தில் ஒரு மாலை நேரம்

1:50,000 அளவிலான நிலவரைபடம் கிடைத்தால் நல்லது. அதில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். போன் வரைபடம் என்றால், சம உயரக் கோடுகளைக் காட்டும் செயலியாகப் பார்த்து, அந்தப் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நூலை எடுத்துப் பாதையின் வளைவு நெளிவோடு வைத்து அளந்து பாருங்கள். கண்ணளவில் 12 கிலோமீட்டராகத் தெரிந்தது நூலில் 16 என்று வரும்.

அடுத்து கோடுகள். ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைப்பது ஒரு கோடு. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் இடைவெளி என்று வரைபட ஓரத்தில் போட்டிருந்தால், பத்துக் கோடுகளைத் தாண்டுவது 200 மீட்டர் ஏறுவது. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். பள்ளத்தாக்கைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கோடுகள் கூராக மடங்கும் இடத்தைப் பாருங்கள். கூர்முனை உயரமான பக்கத்தை நோக்கியிருந்தால் அது ஓடை ஓடும் பள்ளம், தாழ்ந்த பக்கத்தை நோக்கியிருந்தால் முகடு. இதைக் குழப்பிக்கொண்டால் பாதை மேட்டில் போகிறதா பள்ளத்தில் போகிறதா என்பதே மாறிவிடும்.

இதோடு மூன்று இடங்களைக் குறித்து வையுங்கள். தண்ணீர் கிடைக்கும் இடங்கள். மதியம் ஒதுங்க மரநிழல் இருக்கும் இடம். பாதி வழியில் விட்டுவிட்டு வெளியேறக்கூடிய பாதைகள். மூன்றாவதைப் பெரும்பாலோர் குறிப்பதே இல்லை, தேவைப்படும்போதுதான் தேடுவார்கள்.

நேரக் கணக்கு

1892-ல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. கிலோமீட்டரில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நல்ல உடல்வாகுள்ளவர் குளிர்ந்த நாளில் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு அது. கோடைக்கு நான் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூரம் 22 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 700 மீட்டர். தூரத்துக்கு 4 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 10 நிமிடம், ஆக 5 மணி 34 நிமிடம். வெயிலுக்காக மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் சுமார் 7 மணி 25 நிமிடம். மதிய ஓய்வு 3 மணி நேரம், அங்கங்கே நிற்பது ஒரு மணி நேரம். மொத்தம் பதினொன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலை 5.30-க்குக் கிளம்பினால் மாலை 5 மணிக்கு வீடு. ஏழு மணிக்குக் கிளம்பினால் ஆறரை. எட்டுக்குக் கிளம்பினால் டார்ச் வேண்டும். கோடையில் பகல் நீளம் என்று சொல்லித் தாமதமாக எழுபவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கூடவே ஒரு திரும்பும் நேரத்தையும் முடிவு செய்து எழுதி வையுங்கள். அந்த நேரத்துக்குள் குறித்த இடத்தை எட்டவில்லையென்றால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். களைத்த மூளையோடு எடுக்கும் முடிவைவிட, முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து எடுத்த முடிவு மேல்.

நிழல் எந்தப் பக்கம்?

பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக ஓடினால், அதற்கு இரண்டு சுவர்கள்: கிழக்குச் சுவர், மேற்குச் சுவர். காலையில் சூரியன் கிழக்குச் சுவருக்குப் பின்னால் இருப்பதால் அந்தச் சுவரின் அடிவாரம் நெடுநேரம் நிழலில் கிடக்கும். எதிரே மேற்குச் சுவர் விடிந்ததுமே காயத் தொடங்கும். மதியத்துக்கு மேல் அப்படியே மாறிவிடும். ஆகவே காலையில் கிழக்குச் சுவரை ஒட்டிப் போங்கள், மாலையில் மேற்குச் சுவரை ஒட்டித் திரும்புங்கள். முகட்டு ஊருக்கு மாலையில் ஏற வேண்டுமென்றால், கிழக்குப் பார்த்த சரிவில் உள்ள பாதைதான் வேண்டும். நான் அன்று ஏறியது மேற்குப் பார்த்த சரிவு. பகல் முழுக்கச் சூடேறிய பாறை முன்னாலிருந்து சுட்டது, சூரியன் முதுகில் சுட்டது.

கிழக்கு மேற்காக ஓடும் பள்ளத்தாக்கில் இவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்காது. பூமத்திய ரேகையிலிருந்து தள்ளியுள்ள வடபகுதிகளில் வடக்குப் பார்த்த சரிவும், தென்பகுதிகளில் தெற்குப் பார்த்த சரிவும் குளிர்ச்சி. சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும் ஊர்களில் மரத்தை நம்புங்கள், மலையை நம்ப வேண்டாம்.

முந்தின நாள்: பையும் பாதமும்

தண்ணீரில் தொடங்குவோம். வெயிலில் நடக்கும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை தேவைப்படும். ஏழு மணி நேர நடைக்கு அத்தனையையும் சுமக்க முடியாது, ஏனென்றால் ஒரு லிட்டர் ஒரு கிலோ. மூன்று லிட்டரோடு கிளம்பி வழியில் நிரப்பிக்கொள்வதுதான் நடைமுறை. நிரப்ப இடமே இல்லாத வழி என்றால், வழியைச் சுருக்குங்கள்.

வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதிலும் ஆபத்து உண்டு. வியர்வையில் உப்பும் போகிறது. உப்பை ஈடுகட்டாமல் தண்ணீரை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உப்புள்ள தின்பண்டம் ஏதாவது கூடவே போகட்டும். இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சாப்பாடு உங்கள் விருப்பம். வெயிலில் கெடாததாக, நின்றபடியே தின்னக்கூடியதாக இருந்தால் போதும்.

மற்றவை: அகலமான தொப்பி, தளர்வான முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன், மெல்லிய மழைச்சட்டை, டார்ச், விசில், பிளாஸ்டர், சின்ன இடுக்கி, மாற்றுக் காலுறை ஒரு ஜோடி.

இப்போது பாதம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், ஏனென்றால் கொப்புளம் வந்தவருக்கு மலையாவது ஓடையாவது. புது ஷூ கூடவே கூடாது. நகத்தைக் கிளம்பும் காலையில் வெட்டாமல் ஓரிரு நாள் முன்பே வெட்டுங்கள். ஒட்ட வெட்டிய நகத்தின் ஓரம் மறுநாள் இறக்கத்தில் குத்தும். குதிகாலின் பின்பக்கம், சுண்டுவிரலின் வெளிப்பக்கம், பெருவிரலின் உட்பக்கம் ஆகிய மூன்று இடங்களும்தான் வழக்கமாகத் தேயும். ஏற்கெனவே அனுபவம் இருந்தால், உலர்ந்த தோலில் வீட்டிலேயே பிளாஸ்டர் பட்டையை ஒட்டிவிடுங்கள். பட்டையின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலைதான் காலுறையில் சிக்கி முதலில் உரியும்.

நடக்கும்போது ஓரிடத்தில் இளஞ்சூடாக உறுத்தினால் அது கொப்புளத்தின் முன்னறிவிப்பு. "அடுத்த வளைவில் பார்த்துக்கலாம்" என்று தோன்றும். தோன்றிய இடத்திலேயே உட்காருங்கள். ஷூவைக் கழற்றி, காலை ஆறவிட்டு, துடைத்து, ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. அடுத்த வளைவில் அது கொப்புளமாகவே இருக்கும்.

கடைசியாக, எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள், அதற்கு மேல் எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு உதவி கேட்க வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும்.

ஊரைத் தாண்டும்வரை

ஊரிலிருந்தே நடப்பதில் உள்ள அழகு, வண்டி பிடிக்கும் அவசரம் இல்லாதது. அசௌகரியம், முதல் மூன்று கிலோமீட்டர் தார்ச்சாலையில் போவது. விடியற்காலையில் தார் குளிர்ந்திருக்கும், வேகமாகக் கடந்துவிடுங்கள். அதே சாலை மாலையில் அடுப்பு மாதிரி இருக்கும். திரும்பும்போது வேறு வழி இருக்கிறதா என்று அப்போதே நோட்டம் விடுங்கள். ஊர் எல்லையில் கடைசித் தண்ணீர்க் குழாய் எது என்பதையும் பார்த்து வையுங்கள்.

தோட்டங்களையும் வயல்களையும் கடக்கும்போது திறந்திருந்த கேட் திறந்தபடியே இருக்கட்டும், மூடியிருந்ததை மூடிவிட்டுப் போங்கள்.

காலை நடை

கோடையாக இருந்தாலும் பள்ளத்தாக்கின் அடியில் விடியற்காலையில் குளிரும். இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்து வழிந்து அடியில் போய்த் தேங்கி நிற்பதுதான் காரணம். ஒரு மெல்லிய மேல்சட்டை இருந்தால் நல்லது. புல்லில் பனித்துளி இருக்கும். கொஞ்ச தூரத்திலேயே ஷூ நனையும், நனைந்த காலுறை தோலைத் தேய்க்கும். அந்த மாற்றுக் காலுறை இதற்குத்தான். பனி காய்ந்ததும் மாற்றிவிட்டு, நனைந்ததைப் பையின் வெளியே தொங்கவிடுங்கள், பத்து மணிக்குள் காய்ந்துவிடும்.

வெயில் ஏறும் முன் நாளின் பாதித் தூரத்தை முடித்துவிட வேண்டும். ஆனால் வேகத்தைக் கூட்டி அல்ல. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். வார்த்தைகள் துண்டுபட்டால் மெதுவாக்குங்கள்.

இறக்கம் வந்ததும் ஷூவின் நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். குதிகால் பின்னால் பதிந்து நிற்கும், விரல்நுனி முன்னால் போய் இடிக்காது. முழங்காலைச் சற்று மடக்கி, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே பாரம் தாங்குகின்றன. ஒன்றிரண்டு நாள் கழித்துப் படியிறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான், ஏறியதால் அல்ல.

போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது, அதைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துபோகும். பெரும்பாலான போன்களில் ஏரோபிளேன் மோடிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும்.

ஓடையும் குடிநீரும்

முகட்டு ஊரின் அடியில் ஓடும் ஓடை பல சமயம் அந்த ஊரின் சாக்கடையும்தான். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதிலிருந்து குடிக்காதீர்கள். வரைபடத்தில் ஓடையை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து பாருங்கள், வீடுகளுக்குள் போய் முடிகிறதா, காட்டுக்குள் போய் முடிகிறதா என்று. காட்டுப் பக்கமிருந்து வரும் கிளை ஓடையில் எடுங்கள். எடுத்ததையும் வடிகட்டியோ, கொதிக்கவைத்தோ, மாத்திரை போட்டோதான் குடிக்க வேண்டும். கொதிக்கவைப்பதென்றால் தளதளவென்று ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

கடப்பதற்கு "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பதைவிடச் சுருக்கமான விதி இல்லை. வளைவின் வெளிப்பக்கம் ஆழமாகவும் உட்பக்கம் ஆழம் குறைவாகவும் இருக்கும். ஓடை அகன்று பரவும் இடம் கடக்க ஏற்றது. வேகமாக ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு கம்பை ஊன்றி, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகருங்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மேல்மலையில் மழை பெய்திருக்கலாம். நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, யோசிக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

நடுப்பகல்: ஒன்றும் செய்யாமல் இருப்பது

பதினொன்றரை மணிக்கு நிழலைப் பிடித்தால் இரண்டரைவரை எழுந்திருக்க வேண்டாம். புதிதாக வருபவர்களை இதற்குச் சம்மதிக்கவைப்பதுதான் பெரும்பாடு. "சும்மா மூணு மணி நேரமா?" என்பார்கள். ஆமாம், சும்மா. ஷூவைக் கழற்றி, காலுறையை வெயிலில் விரித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். ஓடை மணலில் படுக்காமல் சற்று மேடான இடமாகப் பாருங்கள். உட்காரும் முன் கற்களுக்கு இடையிலும் மரத்தின் வேர்ப்பள்ளத்திலும் கம்பால் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், நிழல் பாம்புக்கும் பிடிக்கும்.

இந்த நேரத்தில் காற்றைக் கவனியுங்கள். காலையில் பள்ளத்தாக்கில் கீழ்நோக்கி இறங்கிய காற்று, சரிவுகள் சூடேறியதும் திசை மாறி மேல்நோக்கி வீசும். அதே சூடான காற்று ஈரத்தோடு மேலே ஏறித்தான் மாலை இடிமேகமாகிறது. முகட்டுக்கு மேல் வெள்ளை மேகம் காலிஃபிளவர் மாதிரி உயரமாகக் குவிந்து, அடிப்பாகம் கறுத்தால், மாலைத் திட்டத்தை மாற்றுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் முகட்டிலும் வெட்டவெளியிலும் நிற்கக்கூடாது. தனி மரமும் ஆகாது, ஓடையும் ஆகாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுத்துக் கிளம்புங்கள்.

திரும்பும் ஏற்றம்

ஏறத் தொடங்கும் முன் தொப்பியையும் கழுத்துத் துண்டையும் நனைத்துக்கொள்ளுங்கள். பாட்டில்கள் நிறைந்திருக்கட்டும். நின்று நின்று ஓடுவதைவிட நிற்காமல் ஊர்வது மேல்.

சூரியனையும் அடிக்கடி பாருங்கள். கையை நீட்டி, விரல்களைப் படுக்கை வாட்டில் சூரியனுக்கும் அடிவானத்துக்கும் இடையே வைத்தால், ஒரு விரலுக்குச் சுமார் கால் மணி, நான்கு விரலுக்கு ஒரு மணி நேரம். பள்ளத்தாக்கில் மலைதான் அடிவானம் என்பதால் சூரியன் சீக்கிரமே மறையும். இருட்டு அதற்குப் பிறகு மெதுவாகத்தான் வரும், பதற வேண்டாம்.

கூட வருபவரைக் கவனியுங்கள். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, கிறுகிறுப்பு, கொட்டும் வியர்வை இருந்தால் வெப்பக் களைப்பு. நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, நனைத்து விசிறி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்சூடு 40 டிகிரியைத் தொட்டிருக்கும். அது உயிருக்கு ஆபத்து. வியர்வை நிற்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், வியர்த்தபடியேயும் வரும். சுயநினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கையிலுள்ள நீர் முழுவதையும் உடம்பில் ஊற்றி விசிறுங்கள், ஓடை பக்கத்தில் இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்தபடி அதில் கிடத்துங்கள். இன்னொருவர் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி அவசர எண்ணை அழைக்கட்டும். பல நாடுகளில் அது 112. போன் எட்டாவிட்டால் விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. மூன்று முறை பதில் விசில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள்.

வீடு வந்ததும்

முதலில், யாரிடம் வழியையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தீர்களோ அவரிடம் வந்துவிட்டதாகச் சொல்லுங்கள். அப்புறம் குளியல். குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, அக்குள், காதின் பின்பக்கம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் எண்ணெய், நெருப்பு என்று இறங்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் உண்ணி கடித்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

சூடு ஆறுவதற்குள், போட்ட கணக்கின் பக்கத்திலேயே உண்மையில் ஆன நேரத்தையும் எழுதுங்கள். ஓடை வரைக்கும் எவ்வளவு, எந்த வளைவில் நிழல் எத்தனை மணிக்கு விழுந்தது, எந்த ஓடை வற்றியிருந்தது. எனக்கு ஏற்றத்தில் எப்போதும் இருபது நிமிடம் கூடுதலாக ஆகிறது. இப்போதெல்லாம் அதை முதலிலேயே சேர்த்துவிட்டுத்தான் அலாரம் வைக்கிறேன்.